ஃபுட் டிரக் உள்வேலை: 304-ஆ, 202-ஆ, அலுமினியமா?

டாடா ஏஸ் மாதிரி ஒரு சின்ன வண்டியை டிபன் கடையாக மாற்றப் பட்டறைக்குப் போனால், "உள்ளே என்ன தகடு அடிக்கணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எவர்சில்வர் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எவர்சில்வரில் தரத்துக்குத் தரம் எண் உண்டு; 304 உசத்தி, 202 மலிவு. எங்கள் முதல் வண்டிக்கு 304 என்று பேசித்தான் காசு கொடுத்தோம். எட்டே மாதத்தில் சிங்க் மூலையில் டீக்கறை போலப் பழுப்புப் புள்ளிகள். தேய்த்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். சோதித்துப் பார்த்தால் அது 202.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். உப்பும் புளித்தண்ணீரும் நாள் முழுக்கப் படுகிற இடத்தில் அந்த வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும். காந்தத்தை நம்பாதீர்கள்; இரண்டிலும் ஒட்டாது, மடித்த விளிம்பில் அசல் 304-லேயே லேசாக ஒட்டும். இதற்கென்று விற்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பிடியுங்கள். 202 என்றால் சொட்டு சிவந்துவிடும். தகடு வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சரி, உள்ளே முழுக்க 304 அடித்துவிடலாமே? எடை இடிக்கும். எட்டுக்கு நாலடி, 1 மி.மீ. எவர்சில்வர் தகடு ஒன்று ஏறத்தாழ 24 கிலோ. அதே அளவு அலுமினியம் 8 கிலோதான். பத்துத் தகடு போனால் 160 கிலோ வித்தியாசம். முக்கால் டன் சுமக்கிற வண்டிக்கு அது சிலிண்டரும் தண்ணீர் டேங்கும் சேர்ந்த எடை. அதனால் சுவருக்கும் கூரைக்கும் அலுமினியம், மேடைக்கும் சிங்க்குக்கும் அடுப்புக்குப் பின்சுவருக்கும் 304 என்பதுதான் என் முடிவு. இரண்டும் சேருமிடத்தில் நடுவில் ரப்பர் பட்டை வையுங்கள். ஈரம் கோத்தால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொடியும். 202-ஐ மேல்தட்டு அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம், கடற்கரையில் கடை போடுகிறவர்கள் அதுவும் வேண்டாம்.

ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, மலிவுதான். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும், புளிப்பு பட்டாலும் பூச்சு கரையும். சமையல் வண்டிக்குள் அதற்கு வேலையே இல்லை.

தகட்டைவிட அதிகம் கவனிக்க வேண்டியது வெல்டிங். எவர்சில்வர் சாதா இரும்பைப்போல ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் சீக்கிரம் கடத்தாது. ஒரே மூச்சில் இழுத்து வெல்டிங் வைத்தால் மேடை வயிறு தள்ளிவிடும். 1.2 மி.மீ. தகடு, ஆர்கான் வெல்டிங், இடம் மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன டாக் (புள்ளி புள்ளியாக வைக்கும் வெல்டிங்). அப்புறம், இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் டிஸ்கை எவர்சில்வரில் வைக்கவே கூடாது. இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு 304-உம் துரு காட்டும். இரண்டாவது வண்டிக்கு நான் பக்கத்திலேயே நின்று, புது டிஸ்க் மாட்டிய பிறகுதான் சிங்க்கைத் தேய்க்க விட்டேன்.