எச்சரிக்கை: கேரவனில் கரண்ட் போனால் "பேட்டரி செத்துப்போச்சு" என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

85,000 ரூபாய். முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன், இந்தப் பதிவு முழுக்க அந்தத் தொகைதான் வரப்போகிறது. துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கு 85,000 பிடுங்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டையாவது தொட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

கேரவன், கேம்பர் வேன் வேலை மட்டுமே பார்க்கிற ஒர்க்‌ஷாப் அது. பெரிய ஷெட், எல்லாருக்கும் சீருடை, கம்ப்யூட்டர் பில். பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பதிவைத் தூக்கு என்று முதல் ஆளாக அவர்களே வந்து நிற்பார்கள், அப்புறம் இது யார் கண்ணிலும் படாது. எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கோளாறு இதுதான். வெளி லைன் (வெளியிலிருந்து வண்டிக்கு வருகிற மெயின் கரண்ட்) குத்தியிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். விளக்கு பளிச்சென்று எரியும், தண்ணீர் பம்ப் சீராகப் போகும். லைனைக் கழற்றிப் பேட்டரியில் விட்டால் விளக்கு எரியும், ஆனால் குழாயைத் திறந்து பம்ப் ஓட ஆரம்பித்ததும் விளக்கு மங்கும், பம்ப் திக்கித் திணறும், 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். குழாயை மூடினால் மறுபடி எல்லாவற்றுக்கும் உயிர் வரும்.

இதில் கொஞ்சம் கை வைத்தவர்களுக்கு இந்த நாலு வரி போதும். வெளி லைனில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் கன்வெர்ட்டர் (வெளி லைனை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரியையும் சார்ஜ் செய்வது) நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, பாக்ஸிலிருந்து விளக்குக்கும் பம்புக்கும் போகிற வயரும் நன்றாக இருக்கிறது. மிச்சம் என்ன? பேட்டரி. இல்லையென்றால் பேட்டரியிலிருந்து பாக்ஸ் வரைக்குமான வழி. அந்த வழியில் கிளாம்ப், மெயின் ஃபியூஸ் அல்லது பிரேக்கர், கட்-ஆஃப் ஸ்விட்ச், பாஸிட்டிவ் கேபிள், திரும்பி வருகிற பக்கம் பாடி எர்த் (வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸே நெகட்டிவ் வயராக வேலை செய்வது). இவ்வளவுதான். ஒரு மீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை.

டெக்னீஷியனிடமும் மீட்டர் இருந்தது. நம்ப வைத்ததே அதுதான். "சார், நீங்களே பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஏமாற்ற நினைப்பவன் மீட்டரைக் காட்டுவானா? மீட்டரின் சிவப்புக் கம்பி ஃபியூஸ் பாக்ஸின் மெயின் ஸ்டட்டில் (பேட்டரி பாஸிட்டிவ் வந்து சேருகிற போல்ட்), கறுப்புக் கம்பி அதே பாக்ஸின் நெகட்டிவ் பட்டையில். விளக்கு மட்டும் எரியும்போது 12.5. பம்பைப் போடச் சொன்னார். எண் மடமடவென்று இறங்கி 9.7-இல் நின்றது. "லோடு தாங்கல சார், செல் போயிடுச்சு. ரெண்டு பேட்டரியும் காலி." ரொம்ப வருத்தப்படுகிற குரலில் வேறு சொன்னார்.

9.7 என்பது உண்மையான அளவுதான். ஆனால் அது ஃபியூஸ் பாக்ஸுக்கு வந்து சேர்ந்த வோல்ட். பேட்டரி எவ்வளவு கொடுக்கிறது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. அதைத் தெரிந்துகொள்ள, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் டெர்மினலில் வைக்க வேண்டும். கிளாம்பில்கூட அல்ல, கிளாம்ப்புக்கு நடுவே தெரிகிற ஈயக் குமிழில். அங்கேயும் 9.7 என்றால் பேட்டரி காலி என்று நானே ஒத்துக்கொள்வேன். அங்கே 12-க்கு மேல் இருந்து பாக்ஸில் 9.7 என்றால் நடுவழியில் எங்கேயோ வோல்ட் தொலைகிறது. மீட்டர் கம்பியை ரெண்டடி தள்ளி வைக்கிற வேலை. அதைச் செய்திருந்தால் 85,000 பில் போட முடியாது, அதனால் செய்யவில்லை. வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு நாள் கழித்து "கன்வெர்ட்டரும் எரிஞ்சுபோச்சு சார்" என்று ஃபோன். வெளி லைனில் பளிச்சென்று விளக்கு எரிந்த வண்டி! ஷெட்டுக்குள் போகும்போது நன்றாக இருந்த கன்வெர்ட்டர் ஷெட்டுக்குள் இருக்கும்போது எப்படி எரியும்? கேட்டதற்கு "பேட்டரி கெட்டா கன்வெர்ட்டரையும் இழுத்துட்டுப் போயிடும்" என்று ஒரு பதில்.

பில்லில் இருந்தவை: 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று, புது கன்வெர்ட்டர் ஒன்று, "வயரிங் முழுச் சோதனை", "சார்ஜிங் செட்டிங்". மொத்தம் 85,000. அந்த "வயரிங் முழுச் சோதனை"க்குத் தனியாகக் காசு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது விளக்கைப் போட்டுக் காட்டினார்கள், பம்பைப் போட்டுக் காட்டினார்கள், எல்லாம் ஓடியது. ஏன் ஓடியது என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, துருப்பிடித்த இணைப்பைச் சுற்றி கேபிளை இழுத்து ஆட்டினால் கொஞ்ச நேரம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்; வண்டி நாலு பள்ளத்தில் ஏறி இறங்கினால் மறுபடி விட்டுவிடும். இரண்டாவது, ஈய பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா நிற்கும்போது 12.7, 12.8 காட்டும்; லித்தியம் 13.3 பக்கத்தில் நிற்கும். அந்த அரை வோல்ட் கூடுதலே கோளாறை மூடி மறைக்கப் போதும். எல்இடி விளக்கு 10 வோல்ட்டிலும் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது ஃபிரிட்ஜ்தான், 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் பலவற்றில் சுமார் 10.4-க்குக் கீழே போனால் அதுவே தன்னை அணைத்துக்கொள்ளும். கடையில் ஃபிரிட்ஜைப் போட்டுக் காட்டவே இல்லை. வெளி லைன் இல்லாத இடத்தில் முதல் ராத்திரியே ஃபிரிட்ஜ் நின்றது, பம்ப் திக்கியது. பழைய கோளாறு, புது பேட்டரி.

அதற்கப்புறம் அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே. "டெக்னீஷியன் லீவு சார், வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." கூப்பிடவில்லை. "நீங்க ஏதாவது கழட்டினீங்களா?" இல்லை. "வாரண்டி பேட்டரிக்குத்தான், வயரிங்குக்கு வராது." வயரிங் முழுச் சோதனைக்குக் காசு வாங்கினீர்களே என்றால், "அது சோதனை சார், ரிப்பேர் இல்ல." இதைச் சிரிக்காமல் சொல்கிற ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். "வண்டியைக் கொண்டாங்க, பாக்கிறோம், ஆனா இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் தனி." பழைய பேட்டரி இரண்டையும் திருப்பிக் கொடுங்கள், நானே சோதித்துக்கொள்கிறேன் என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." ஈயத்துக்கு என்ன விலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசும் பில்லில் கழிக்கப்படவில்லை. வாட்ஸ்அப்பில் இப்போது நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 85,000 வாங்கும்போது மட்டும் ஒரு நாளைக்கு நாலு மெசேஜ்.

சரி, உண்மையில் என்ன கோளாறு?

பம்பும் விளக்கும் சேர்ந்து 8 ஆம்பியர் இழுக்கும்போது புது பேட்டரியின் குமிழில் 13.1. ஃபியூஸ் பாக்ஸில் 10.3. நடுவில் 2.8 வோல்ட்டைக் காணோம். பாஸிட்டிவ் பக்கம்: ஒரு கம்பி பேட்டரி பாஸிட்டிவ் குமிழில், இன்னொன்று பாக்ஸின் மெயின் ஸ்டட்டில் வைத்தால் 0.2. பரவாயில்லை. நெகட்டிவ் பக்கம்: ஒரு கம்பி நெகட்டிவ் குமிழில், இன்னொன்று சேஸிஸின் சுரண்டிய இரும்பில். 2.6 வோல்ட். அங்கே 0.1-க்குள் இருக்க வேண்டும், 0.5 வந்தாலே ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அன்று கடையில் பாக்ஸில் 9.7, கூட இந்த 2.8. 12.5 வருகிறது. நல்ல ஏஜிஎம் பேட்டரி (பழையது இந்த வகை ஈய பேட்டரிதான்) 8 ஆம்பியர் இழுக்கும்போது அப்படித்தான் நிற்கும். ஸ்கிராப்புக்குப் போன பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

பேட்டரிப் பெட்டிக்கு அடியில், நெகட்டிவ் கேபிளின் லக்கை (கேபிள் முனையில் இருக்கிற உலோக வளையம்) சேஸிஸில் முடுக்கிய போல்ட். கோளாறு அங்கேதான். தொழிற்சாலையில் பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரைதான் இத்தனை நாளும் கரண்டைக் கடத்தியிருக்கிறது. கழற்றினால் லக்குக்கு அடியில் பொடிப்பொடியாகப் பழுப்புத் துரு, செம்புப் பக்கம் பச்சை பூத்திருக்கிறது, பளபளப்பான இரும்பு நகக்கண் அளவுகூட இல்லை. லக்கை ஒட்டிய வயர் உறை சுருங்கிக் கெட்டியாகியிருந்தது. ஆகாமல் என்ன செய்யும்? 2.6 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 21 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயர்னை பேட்டரிப் பெட்டிக்கு அடியில் எரியவிட்ட மாதிரி. பம்ப் ஓடும்போது விரலை வைத்தாலே சுடும். முழுச் சோதனை செய்தவர்கள் விரலைக்கூட வைக்கவில்லை.

வெளி லைனில் ஏன் தெரியவில்லை என்றால், கன்வெர்ட்டரின் நெகட்டிவ் நேராக ஃபியூஸ் பாக்ஸின் பட்டைக்கு வருகிறது, இந்த போல்ட் வழியாகப் போவதே இல்லை. இதே காரணத்தால் பேட்டரிக்கு சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும்.

சரிசெய்ய ஆன செலவு: எமரி பேப்பர், ஒரு லக், ஒரு பல் வாஷர். வெளி லைனைக் கழற்றி, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, சோலார் இருந்தால் பேனல் வயரையும் பிரித்துவிட்டு, சேஸிஸில் லக் உட்காரும் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். கேபிள் முனையில் கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, செம்பு பளிச்சென்று தெரிகிற இடத்தில் புது லக்கை க்ரிம்ப் செய்ய (அதற்கான கருவியால் அழுத்திப் பிணைக்க) வேண்டும். சுத்தியலால் தட்டிச் சப்பையாக்குவது க்ரிம்ப் அல்ல. பல் வாஷர் போட்டு நன்றாக முடுக்கிய பிறகுதான் மேலே பெயிண்டோ கிரீஸோ. முடுக்குவதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் கதை முதலிலிருந்து. இப்போது அதே இடத்தில் 0.05 வோல்ட்.

அந்த "எரிந்துபோன" கன்வெர்ட்டரைச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். முன்பக்கத்தில் இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டும் போயிருந்தன. அவை பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் போவதற்கென்றே வைத்த ஃபியூஸ். பிளஸ்ஸை மைனஸில் மாட்டினால் டப்பென்று போகும், சாதனம் தப்பிக்கும். புது ஃபியூஸ் போட்டு லைன் கொடுத்தால் 13.6 வோல்ட், சுத்தமாக. ஷெட்டுக்குள் யார் தலைகீழாக மாட்டியது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் எரியவிட்ட ஃபியூஸுக்கு என்னிடம் கன்வெர்ட்டர் விலை வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இதுதான் பயமுறுத்துகிறது. ஈய பேட்டரிக்கு இருந்த ரிலேயை (எஞ்சின் ஓடும்போது இணைப்புக் கொடுக்கிற ஸ்விட்ச்) அப்படியே விட்டு, எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரை நேராக லித்தியத்துக்கு இணைத்திருக்கிறார்கள். ஈய பேட்டரி நிறைய நிறைய, கரண்ட் இழுப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள்தடை குறைவு, கிட்டத்தட்ட நிறையும்வரை கிடைத்ததை எல்லாம் இழுக்கும். ஐடிலில் நிற்கும் வண்டியில் ஆல்டர்னேட்டர் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு சரியாக வெளியேறாது, ஆல்டர்னேட்டர் எரிந்துபோகலாம். நடுவில் 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (இழுக்கிற கரண்டை அந்த அளவோடு நிறுத்துவது) ஒன்று வேண்டும். பில்லில் "சார்ஜிங் செட்டிங்" என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? இப்போது ரிலே வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். 85,000 கொடுத்த வண்டியில் ஓடும்போது சார்ஜ் ஏறாது.

சோதிக்கும் முறையை வரிசையாக எழுதுகிறேன் என்றேன். எழுதுகிற பொறுமை இப்போது இல்லை, மேலேயே பாதி வந்துவிட்டது. அவசரத்துக்கு இவை:

லோடு (கரண்ட் இழுக்கிற சாதனம்) ஓடாமல் எடுக்கிற வோல்ட் இந்தக் கோளாறைக் காட்டாது. துருப்பிடித்த இணைப்பும் லோடு இல்லாவிட்டால் 12.6 காட்டும். பம்பையோ விசிறியையோ ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள், அதுவும் பேட்டரியின் குமிழில்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்பவரை நம்பாதீர்கள். ஃபியூஸின் முதுகில் இரண்டு உலோகப் புள்ளி தெரியும், இரண்டிலும் வோல்ட் வர வேண்டும். பேட்டரி பக்கத்தில் இருக்கிற சின்ன ஆட்டோ-ரீசெட் பிரேக்கருக்கும் இதேதான், இரண்டு ஸ்டட்டிலும் பாருங்கள்.

பழைய பாகம் எல்லாம் பணம் கொடுக்கும் முன் வண்டிக்குள் இருக்க வேண்டும். பேட்டரியும்தான்.

லித்தியம் போடுகிறேன் என்றால் டிசி-டிசி சார்ஜர் எங்கே, கன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலுக்கு இழுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ராத்திரி வெளி லைன் இல்லாமல் ஃபிரிட்ஜ், பம்ப், விளக்கு மூன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்த பிறகே மீதியைக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையில் வண்டியை விடாதீர்கள்.