பைத்தான் திட்டத்துக்கு விதிப் பட்டியலா, பிளாக்கா?

எட்டுப் பேர் சேர்ந்து எழுதும் பைத்தான் திட்டம் எங்களுடையது. மூன்று வருடம் பைத்தானின் அதிகாரப்பூர்வ நடை வழிகாட்டியான பெப் 8-ஐயும் அதன் மேல் நாங்களே போட்டுக்கொண்ட விதிப் பட்டியலையும் வைத்து ஓட்டினோம். போன வருடம், கோடின் வடிவத்தைத் தானாகவே ஒரே மாதிரி ஆக்கும் பிளாக் ஃபார்மேட்டருக்கு மாறினோம். திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

டேபா, இடைவெளியா என்ற சண்டை இங்கே கிடையாது. இரண்டிலும் நான்கு இடைவெளிதான். வரி நீளம் பெப் 8-இல் 79 எழுத்து, பிளாக்கில் 88. ஒற்றை மேற்கோளை பிளாக் இரட்டையாக்கும். ஒரு வாரம் கண்ணை உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

என் மனதை மாற்றியது டிஃப், அதாவது எந்தெந்த வரி மாறியது என்று காட்டும் பட்டியல். ஃபங்ஷனை அழைக்கும்போது ஆர்க்யுமென்ட்களை அடைப்புக்குறிக்கு நேர் கீழே அடுக்கி நிறுத்துவது எங்கள் வழக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஃபங்ஷன் பெயரில் ஓர் எழுத்து கூடினால் கீழே உள்ள ஆறு வரியும் நகர வேண்டும். மாற்றத்தை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூவில் ஏழு வரியும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். அப்படி ஒரு கமிட்டில் (ஒன்றாகப் பதிந்த மாற்றத் தொகுப்பில்) டைம்அவுட் 30-லிருந்து 3 ஆனதை இரண்டு பேர் பார்த்தும் தவறவிட்டோம். ஒரு வரியில் அடங்காத அழைப்பை பிளாக் உடைக்கும்போது, தேவைப்பட்டால் ஆர்க்யுமென்ட்டுக்கு ஒரு வரி கொடுத்து, கடைசியிலும் காற்புள்ளி வைக்கிறது. அதன்பின் பெயர் மாறினாலும், புதிதாக ஒன்று சேர்ந்தாலும் டிஃப்பில் ஒரே வரி. பெப் 8-உம் இந்த அமைப்பை அனுமதிக்கிறதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று ஒவ்வொரு ரிவ்யூவிலும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாறும் நாள் சிரமம்தான். திறந்திருக்கும் பிராஞ்சுகளை (தனியே நடந்துகொண்டிருக்கும் வேலைகளை) முதலில் முதன்மைக் கோடுடன் மெர்ஜ் செய்துவிடுங்கள். மொத்தக் கோடையும் மாற்றும் வேலையைத் தனி கமிட்டாக வையுங்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் 2.23 பதிப்பிலிருந்து, பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்ற விவரம்) பார்க்கும்போது அந்த கமிட்டைத் தவிர்க்கச் சொல்ல முடியும். இல்லாவிட்டால் எல்லா வரிக்கும் மாற்றியவர் பெயரே வந்து நிற்கும். பிளாக்கின் பதிப்பு எண்ணை எல்லோருக்கும் ஒன்றாகப் பூட்டுவதும் அவசியம்.

எண் அட்டவணைகளில் கையால் அடுக்குவதே மேல். எங்களிடம் அப்படி இரண்டு கோப்புகள்தான். அங்கே பிளாக்கை நிறுத்தி வைத்தோம். அறிவியல் கணக்கீடே முழுவேலையாக இருக்கும் குழுவுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பெயர் வைப்பதில் பிளாக் தலையிடாது. அதனால் பழைய பட்டியலில் ஆறு விதிகளை மட்டும் வைத்திருக்கிறோம். இப்போது ரிவ்யூவில் வாக்குவாதம் வந்தால் பெரும்பாலும் பெயரைப் பற்றித்தான்.