கேஷ்பேக் அட்டை: திரும்பி வருவது யாருடைய பணம்?

செலவழிப்பதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் கிரெடிட் கார்டு ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு மாதமும் பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்கு முன்பே செலுத்திவிட்டதால் வட்டியாக எதுவும் போகவில்லை. அப்படியிருந்தும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த 5 சதவீதம் முழுமையாக ஒரு மாதம்கூட என் கணக்கில் ஏறியதில்லை. அந்த விகிதம் குறிப்பிட்ட சில இணையக் கடைகளுக்கு மட்டும் உரியது, அதற்கும் மாதாந்திர உச்சவரம்பு உண்டு; எரிபொருளுக்கும் வாடகைக்கும் ஒன்றும் கிடையாது; மற்றவற்றுக்கு 1 சதவீதம். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது மொத்தச் செலவில் ஏறத்தாழ 1.3 சதவீதம் திரும்பியிருந்தது. ஆண்டுக் கட்டணத்தைக் கழித்ததும் அது 1 சதவீதத்திற்குக் கீழே இறங்கிவிட்டது.

புள்ளிகளாகத் தரும் அட்டைகளைவிட இது மேல் என்றே சொல்வேன். ஒரு புள்ளியின் மதிப்பை வங்கியே நிர்ணயிக்கிறது. காலாவதித் தேதியையும் அதுவே வைக்கிறது. பணமாக வருவதில் அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் இந்தச் சிறிய ஆதாயம் எவ்வளவு எளிதில் கரைந்துவிடும் என்பதை என் அக்காவின் பில்லைப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். கையில் பணம் குறைவாக இருந்த ஒரு மாதத்தில் அவர் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினார், தாமதக் கட்டணம் விழவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நிலுவைக்கு வட்டி ஏறியதோடு, வட்டியில்லாக் காலச் சலுகையும் பறிபோய், அடுத்து வாங்கிய பொருள்களுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்பட்டது. மாதத்திற்கு 3 சதவீத வட்டி என்றால், ஒரு மாத பில் தொகையை அடுத்த மாதத்திற்குத் தள்ளினாலே, 1 சதவீத கேஷ்பேக்காக மூன்று மாதம் சேர்த்தது போய்விடும். அவருடைய பில்லில் கேஷ்பேக் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது; வட்டியோ பரிவர்த்தனைப் பட்டியலின் நடுவே ஒரு வரியாக இருந்தது. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இந்தப் பணம் வங்கியின் தாராள மனத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கடைக்காரர் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பங்கு, இன்டர்சேஞ்ச் கட்டணமாக, அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. கடைக்காரர் அந்தச் செலவைப் பொருளின் விலையில் சேர்க்கும்போது, ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அதைச் சுமக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, அங்கே ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டை பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒன்று பெறுவது 1,133 டாலர். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கான இன்டர்சேஞ்ச் கட்டணத்தை 0.3 சதவீதத்திற்குள் கட்டுப்படுத்தியது. அந்த வரம்புக்குள் 1 சதவீதத்தைக்கூடத் திருப்பித் தருவது வங்கிக்குக் கடினம் என்பதிலிருந்தே இந்தச் சலுகையின் ஊற்று எங்கே இருக்கிறது என்பது விளங்கும். நிலுவை வைப்பவர்களின் வட்டி இன்னோர் ஊற்று.

எனவே, மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவர் எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகளை மட்டும் இந்த அட்டையில் செய்து, முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்திருந்தால், இது அவருக்குச் சிறிய அளவில் பயன் தரும். உச்சவரம்பை எட்டுவதற்காகவே கூடுதலாக வாங்கத் தொடங்கினால் அந்தப் பயனும் இல்லை. முதல் ஆண்டில் நானும் இரண்டு மூன்று முறை அப்படி வாங்கியிருக்கிறேன். எந்த மாதத்திலாவது நிலுவை வைக்க நேரிடும் என்று நினைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு டெபிட் கார்டு போதும்.

அட்டை வழங்கும் வங்கிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: அந்த ஆண்டில் வாடிக்கையாளர் பெற்ற கேஷ்பேக்கையும், அவர் செலுத்திய வட்டியையும் கட்டணங்களையும் பில்லின் முதல் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்து அச்சிடுங்கள்.