கல்யாண கேசட்டைப் புது டிவியில் பார்க்க எந்த வயர் நல்லது?

அக்காவின் கல்யாண கேசட் 1994-ல் எடுத்தது. அம்மா பலமுறை கேட்டுவிட்டார். போன மாதம் பரணிலிருந்து வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை (விசிஆர்) இறக்கித் துடைத்து, ஹாலில் இருக்கும் எல்இடி டிவியோடு மூன்று விதமாகச் சேர்த்துப் பார்த்தேன்: ஆன்டெனா வயர், ஏவி வயர், எச்டிஎம்ஐ கன்வர்ட்டர். என் ஓட்டு ஏவி வயருக்குத்தான்.

ஆன்டெனா வழி கடைசி வழி. டெக் படத்தையும் ஒலியையும் ஒரு சேனல் போல மாற்றி அனுப்ப, டிவி அதைத் தேடிப் பிடித்துப் பிரிக்க வேண்டும். அதிலேயே படம் மங்கிவிடுகிறது. சத்தமும் பெரும்பாலும் மோனோதான்.

ஏவி வயரில் மஞ்சள் பின் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், அரக்குப் புடவையின் ஓரத்தில் பொடிப் புள்ளிகள் ஊர்வது தெரியும். இருந்தாலும் விஎச்எஸ் டேப்பில், அதாவது இந்த வகை வீடியோ கேசட்டில், இருப்பதே ஏறக்குறைய 240 கோடுகளின் தெளிவு. டேப்பில் இல்லாததை எந்த வயரும் கொண்டுவராது. நிறத்தைத் தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இதைவிட நல்லது, ஆனால் சாதாரண டெக்கில் அந்தத் துளை இருக்காது.

இங்கேதான் பலரும் திணறுகிறார்கள்: புது டிவியில் மஞ்சள் துளையே இல்லை! பின்பக்கம் நிதானமாகப் பாருங்கள். சில டிவிகளில் பச்சைத் துளைக்குப் பக்கத்தில் ‘வீடியோ’ என்றும் எழுதியிருக்கும். மஞ்சளை அதில் சொருகலாம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் வயரில் குறை இல்லை, டிவியின் சோர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்டை (படத்தை மூன்று கம்பிகளில் வாங்கும் முறை) விட்டு ஏவிக்கு மாற்றினால் நிறம் வந்துவிடும். வேறு சிலவற்றில் ஹெட்போன் துளை மாதிரி ஒன்றுதான் இருக்கும். அதற்கான வயரை டிவி மாடலைச் சொல்லி வாங்குங்கள். கேம்கோடர் வயரும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கலாம். நான் அதைச் சொருகியபோது படம் வராமல் உர்ர்ரென்று இரைச்சல் மட்டும்தான் வந்தது.

அப்புறம் கன்வர்ட்டர். கடையில் கேட்கும்போது ‘ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்த்திசைப் பெட்டியும் அச்சாக அதே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். பெட்டியின் மேல் 1080பி (முழு எச்டி) என்று போட்டிருந்தாலும், அது அதே படத்தை ஊதிப் பெரிதாக்குவதுதான். எங்கள் டிவியில் எல்லா முகமும் அகலமாகத் தெரிந்தது, படத்தைப் பழைய டிவியின் அகல-உயர அளவான 4:3-க்கு மாற்றிய பிறகே சரியானது. தாலி கட்டும் இடம்தான் எனக்குப் பெரிய வருத்தம். திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப் அங்கே தேய்ந்திருக்கிறது. கன்வர்ட்டர் அந்த இடத்தில் நீலத் திரையைக் காட்டியது. நேரடி ஏவியில் மேல் ஓரம் கொஞ்சம் வளைந்தாலும், படம் அறுபடாமல் ஓடியது. அம்மா அதையே மூன்று முறை போடச் சொன்னார்.

டிவியில் எச்டிஎம்ஐ தவிர வேறு துளையே இல்லையென்றால் கன்வர்ட்டர்தான், வேறு வழியில்லை. டிவிடி பிளேயரும் செட்டாப் பாக்ஸும் வேறு கதை. அவை டிஜிட்டல், எச்டிஎம்ஐ இருந்தால் நேரே அதில் போட்டுவிடுங்கள்.

டெக் ஓடும் நிலையில் இருந்தால் கேசட்டைக் கணினியில் ஏற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டது, உதிரி பாகம் கிடைப்பது கடினம். கணினியில் ஏற்றுவதற்கும் டெக்கின் இதே மஞ்சள் பின்னிலிருந்துதான் வயர் எடுக்க வேண்டும்.