டபுள் பேரலைக் கொடுத்துவிட்டு, அப்பாருவின் ரைஃபிளை வைத்துக்கொண்டேன்

அப்பா தவறிய பிறகு அவர் லைசென்சில் இருந்த இரண்டு துப்பாக்கிகளையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று 12 போர் (குழலின் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி. மற்றது என் அப்பாரு (தாத்தா) அறுபதுகளில் வாங்கிய .315 ரைஃபிள். 2019 சட்டத் திருத்தத்தில், ஒருவர் மூன்று துப்பாக்கிவரை வைத்திருக்கலாம் என்ற வரம்பு இரண்டாகக் குறைந்தது; அப்படிப் பார்த்தாலும் இரண்டையும் என் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது என்று எனக்கே தெரியும். ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன். காங்கேயம் பக்கத் தோட்டத்து வீடுகளில் இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பயன் என்று பார்த்தால் பேச்சே இல்லை, டபுள் பேரல்தான். தோட்டத்துக் காவலுக்கு அதுதான் வழக்கம். மூன்று துண்டாகக் கழற்றிச் சின்னப் பையில் போட்டுவிடலாம். வாங்கவும் ஆள் உண்டு. ஆனால் இன்று காட்டுப்பன்றியே வந்தாலும் வனத்துறையைத் தாண்டி நாமாகச் சுட முடியாது. அதனால் அந்தப் பயனும் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான்.

ரைஃபிளுக்கு வருகிறேன். அப்பாரு இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பர்மா வரை போய்வந்தவர். அங்கே அவர் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ (.303), அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைஃபிள். ஊர் திரும்பிய பிறகு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாகச் சட்டம் அனுமதித்தது .315. பழைய ஆஸ்திரியப் பட்டாளத்தின் மான்லிகர் தோட்டா அது. இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அந்தத் தோட்டாவுக்கான ரைஃபிளை லீ என்ஃபீல்டின் அமைப்பிலேயே செய்தது. மரக்கட்டை மட்டும் முன்பக்கம் குட்டை. போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கிற கைப்பிடி வைத்த உருளை, அதே போல்ட். அப்பாரு வாங்கியது அந்தப் போல்ட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் போல்ட்டின் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மன் மவுசர் 98 ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் இறுகிவிடும். இதில் தூக்குவது லேசு. முன்னால் தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில்தான் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும், அதை அமுக்கிக் கீழே மடக்க வேண்டும். மடக்குகிற தூரமும் குறைவு. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட வேண்டும் என்று பயிற்சி இருந்ததென்றால், அதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து, தோட்டா இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு இழுத்துத் தள்ளுவார். அந்தச் சத்தத்தை இன்னும் என்னால் தனியாக அடையாளம் காண முடியும்.

சரி, இதெல்லாம் மனசு சார்ந்தது. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

எங்கள் டபுள் பேரலில் குழலை மடக்கித் திறக்கிற கீல் தளர்ந்திருந்தது. பேரல் மூடினாலும் மயிரிழை இடைவெளி தெரியும். அதை நாம் தொடக்கூடாது. கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்தான் இறுக்க வேண்டும். அப்படி ஆளைத் தேடி நான் அலைந்தது கொஞ்சமல்ல. இரண்டு குழலையும் ஒட்டிய நடுப்பட்டைக்கு அடியில் துரு இறங்கினால் வெளியே தெரியவும் தெரியாது.

ரைஃபிளில் அன்றாடப் பராமரிப்புக்கு இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை. போல்ட்டைப் பின்னால் இழுத்து, அதன் தலையை மேலே திருப்பினால் கையோடு வந்துவிடும். பேரலுக்குள் புல்த்ரூ கயிற்றில் நாலுக்கு ரெண்டு அங்குல ஃபிளானல் துணியை மாட்டி இழுத்தால் போதும். அப்பாரு இன்னொன்றும் செய்வார்: சுட்ட அன்றே குழலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவார். அது பட்டாளத்துப் பழக்கம். அந்தக் காலத் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பில் இருந்த ரசாயனம் எரிந்து உப்பாகக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். "எண்ணெய் அப்பறம் கண்ணு, மொதல்ல சுடுதண்ணி" என்பார்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் மரம் வறண்டு சுருங்கும், திருகு தளரும். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சூடு ஏறும்வரை தேய்த்து, மறுநாள் துடைக்க வேண்டும். வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். பளபளக்கும், ஆனால் அடிபட்ட இடத்தில் பெயர்ந்து வரும். எண்ணெய் ஏறிய மரத்தில் கீறல் விழுந்தால் அங்கே மட்டும் இன்னொரு முறை தேய்த்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

அப்புறம் தேர்தல். அப்போது லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. ஏறக்குறைய மூன்று மாதம் ரைஃபிள் ஸ்டேஷனில் இருந்தது. திரும்பி வந்தபோது கட்டையில் விரல் நீளக் கீறல், போல்ட் கைப்பிடியில் செம்புள்ளி. மனசு கனத்துப்போனது. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நானே சரிசெய்துவிட்டேன். அதுவே டபுள் பேரலாக இருந்து கீல் இன்னும் கெட்டிருந்தால் மறுபடி மெக்கானிக்கைத் தேடித்தான் போயிருக்க வேண்டும்.

டபுள் பேரலில் நான் சுட்டதே ஏழெட்டுத் தோட்டாதான். அதனால் சுடும் சுகத்தில் எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள். விற்கும் நோக்கம் இருந்தாலும் ரைஃபிளை நம்ப வேண்டாம். நான் விசாரித்த அளவில் ஆர்வம் காட்டியவர் ஒருவர்தான். டபுள் பேரல் இரண்டே வாரத்தில் போனது.

போல்ட் கைப்பிடியிலும் உடம்பிலும் ஒரே எண் பொறித்திருக்கிறது. அறுபது வருஷமாக ஜோடி மாறவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், பெயர் மாற்றத்துக்கு முன்னால் முதலில் அந்த இரண்டு எண்ணையும், அப்புறம் லைசென்சில் எழுதியிருக்கிற எண்ணையும் ஒத்துப்பாருங்கள். எங்கள் லைசென்சில் ஓர் எண் தப்பாக ஏறியிருந்ததால் எனக்கு நாலு மாதம் கூடுதலாகப் போனது.