தாயிஃப் துஆவும் ஒரு சட்டைப்பைக் கையேடும்

மனம் தளர்ந்த வேளைகளில் ஓதுவதற்கான துஆக்களை (இறைவனிடம் கேட்கும் பிரார்த்தனைகளை)த் தொகுத்து, சட்டைப்பையில் அடங்கும் அளவில் வந்துள்ள ஒரு தமிழ்க் கையேட்டைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதை வாங்கத் தூண்டியது தாயிஃப் துஆ. கி.பி. 619 அளவில் மக்காவுக்கு அருகிலுள்ள தாயிஃப் நகர மக்களால் கல்லெறிந்து விரட்டப்பட்ட நபி (ஸல்) அவர்கள், ரபீஆ என்பவருடைய மகன்களின் திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கி, தம் பலவீனத்தையும் வழியற்ற நிலையையும் மக்கள் முன் அடைந்த சிறுமையையும் இறைவனிடமே முறையிட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்த பிரார்த்தனை அது.

மொழிபெயர்ப்பு தெளிவாகவும் பணிவு குன்றாமலும் அமைந்துள்ளது. "உன் கோபம் என்மீது இல்லையெனில் நான் எதையும் பொருட்படுத்தமாட்டேன்" என்னும் இடத்தில் எவரும் சற்று நின்றுவிடுவர். ஆனால் இதன் அறிவிப்பாளர் தொடர் (இதை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு அறிவித்தவர்களின் வரிசை) பலவீனமானது என்று ஹதீஸ் (நபிமொழி) அறிஞர் அல்பானி கூறியிருப்பதை ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லியிருக்க வேண்டும். அருகிலேயே அய்யூப் நபியின் துஆ (குர்ஆன் 21:83), யூனுஸ் நபியின் துஆ (21:87) ஆகியவை வசன எண்ணுடன் இருப்பதால், இந்த விடுபடல் கூடுதலாக உறுத்துகிறது.

தமிழ் எழுத்தில் தரப்பட்ட அரபு உச்சரிப்பை மட்டும் நம்பி ஓத வேண்டாம். இதயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ஒன்றுபோலவே 'கல்ப்' என்றாகிவிடும். அரபு மூலமும் பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும், முதியவர்களுக்கு அதன் எழுத்து மிகப் பொடியாகத் தெரியும்.