திறப்போடு தொங்கும் டேக்கா, கையில் கட்டும் பட்டியா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் மின்சாரக் கார் சார்ஜர் பூட்டிய நாளிலிருந்து, லிஃப்டில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "தம்பி, எதை எடுக்கலாம்?" சார்ஜரிடம் நம்மை அடையாளம் காட்ட நாலு வழி இருக்கிறது. ஃபோனில் ஆப், அட்டை, திறப்புக் கோர்வையில் மாட்டும் டேக், கையில் போடும் பட்டி அல்லது மோதிரம். நாலையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். நான் டேக்கின் பக்கம்.

ஆப்பில் வசதி அதிகம். எந்த சார்ஜர் காலியாக இருக்கிறது, எத்தனை யூனிட் ஏறியது, எவ்வளவு காசு போனது என்று எல்லாம் தெரியும். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கு எரிபொருள் பாஸ் வந்த பிறகு ஃபோனில் கியூஆர் பாவிப்பதும் நமக்குப் பழகிப்போன வேலை. ஆனால் நிலக்கீழ் தளத்தில் சிக்னல் கிடையாது. மேல்மாடி அங்கிள் ஒருவர் கொட்டும் மழையில் வாசல் சரிவில் நின்று, ஃபோனை உயர்த்திப் பிடித்தபடி ஆப் திறக்குமா என்று காத்திருந்ததை நானே பார்த்தேன். கணக்குப் பார்க்கவும் காசு போடவும் ஆப் வேண்டும். சார்ஜரைத் தொடங்க அதை மட்டும் நம்ப முடியாது. அட்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேக்கில் இருக்கும் அதே சிப்தான், இருப்பிடம் மட்டும் பர்ஸ்.

டேக்கை உடைத்துப் பார்த்தால் உள்ளே தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும், எள்ளைப் போன்ற சிப் ஒன்றும் இருக்கும். பேட்டரி இல்லை. சார்ஜரின் வாசிப்பான் எழுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலமே அந்தச் சுருளுக்கு மின் கொடுக்கிறது. சில சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுபோனால் போதும், சிப் தன் எண்ணைச் சொல்லும். சார்ஜர் அதை சேர்வரிடம் கேட்டு உறுதிசெய்யும். இணையம் விழுந்திருந்தால், தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து அனுமதிக்கவும் அதை அமைக்கலாம். நிலக்கீழ் தளத்தில் டேக் கைகொடுப்பது இதனால்தான். இரும்புத் திறப்புகள் டேக்கோடு ஒட்டிக் கிடந்தால் வாசிப்பு தடுமாறும், விலக்கிப் பிடியுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எங்கள் லிஃப்டுக்குத் தந்திருக்கும் நீல டேக்கும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான், ஆனால் அது 125 கிலோஹெர்ட்ஸ், சார்ஜர் அதை வாசிக்காது. பக்கத்து வீட்டு அன்ரி அதைச் சார்ஜரில் பத்துத் தரம் வைத்துப் பார்த்துவிட்டு, சார்ஜர் பழுது என்று முறைப்பாடு செய்யப் போனார்.

சரி, பட்டிக்கு வருவோம். அதற்குள்ளும் இதே மாதிரிச் சிப்தான். இரண்டு கையிலும் பை இருக்கும்போது மணிக்கட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. அந்தச் சுகம் உண்மை. மோதிரத்தில் சுருள் சின்னது என்பதால் சரியான இடத்தில் பொருத்தி வைக்க வேண்டும். காசு கட்டும் கைக்கடிகாரமும் ஃபோனும் பல இடங்களில் உதவாது. அவை ஒவ்வொரு முறையும் புதுப்புது எண்ணைக் காட்டக்கூடியவை, அதனால் நிலையான எண்ணைத் தேடும் சார்ஜருக்கு அவை அந்நியர்தான்.

பட்டியை நான் கழற்றி வைத்ததற்குக் காரணம் வேறு. ஒரு நாள் காலை பட்டியால் சார்ஜைத் தொடங்கிவிட்டு ரயிலில் வேலைக்குப் போய்விட்டேன். தம்பி காரை எடுக்க வந்தான். அவனிடம் அவனுடைய டேக் இருந்தது, சார்ஜர் ஏற்கவில்லை. தொடங்கிய எண்ணோ, அதே கணக்குக் குழுவில் பதிந்த எண்ணோ வந்தால்தான் அது நிறுத்தும். நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்து, அவர்கள் தூரத்திலிருந்து நிறுத்தும்வரை முக்கால் மணி நேரம் அவன் அங்கேயே நின்றான். கொழும்பு வீடுகளில் ஒரு கார் ஒரு கையில் நிற்பதில்லை. காலையில் அப்பா, மத்தியானம் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றும் சாரதி, பின்னேரம் மகன். திறப்பு கைமாறும்போது டேக்கும் கூடவே போகும். பட்டி என்னோடு வேலைக்குப் போய்விடும்.

அதே காரணத்தால், பல சாரதிகளை வைத்து வாகனம் ஓட்டும் நிறுவனத்துக்குப் பட்டிதான் சரி. அங்கே தெரிய வேண்டியது எந்தக் கார் என்பதல்ல, யார் என்பது.

டேக்கின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. திறப்பை சேர்விஸுக்கும், ஹோட்டலில் காரை நிறுத்தித் தரும் வாலேக்கும் கொடுக்கிறோம், டேக்கும் சேர்ந்தே போகிறது. சிப்பின் எண்ணை மட்டும் பார்த்து அனுமதிக்கும் சார்ஜர் என்றால், அந்த எண்ணைப் படியெடுக்கச் சில நொடி போதும். 2017 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்முறையாகவே காட்டினார்கள். இப்படியான டேக்குகளில் பரவலாக வரும் மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் பூட்டு 2008இலேயே உடைக்கப்பட்டது. அதனால் டேக் வாங்கும்போது கேளுங்கள்: எண்ணை மட்டும் பார்க்கிறீர்களா, டெஸ்ஃபயர் போன்ற பாதுகாப்புக் கூடிய சிப்பின் இரகசியச் சாவியையும் சோதிக்கிறீர்களா? பட்டிக்கும் அட்டைக்கும் இதே கேள்விதான். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கணக்கில் அதிகம் காசு போட்டு வைக்காதீர்கள்.

கேபிளைக் குத்தியவுடனேயே காரும் சார்ஜரும் தாங்களே பேசி அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளும் ஐஎஸ்ஓ 15118 முறையும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்து இங்கே ஓடும் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார்களுக்கு அது எட்டாது.

இப்போது என் டேக்கை ஒரு சின்ன கொளுக்கியில் மாட்டியிருக்கிறேன். சேர்விஸுக்குக் கொடுக்கும்போது அது கழன்று என் பைக்குள் வந்துவிடும். தம்பியின் டேக்கையும் என் குழுவிலேயே பதிந்துவிட்டேன்.